டீச்சரிடம் கேளுங்கள்: எறும்பு வளர்த்த நீலப் பட்டாம்பூச்சி

சென்ற இதழில், இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் காலர்ட் ஹில் என்ற குன்றில் நான் பார்த்த ஒரு நீலப் பட்டாம்பூச்சியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அங்கே அதை 'லார்ஜ் ப்ளூ' என்கிறார்கள். நான் பெருநீலன் என்று எழுதினேன். 1979-ல் அந்த நாட்டிலிருந்தே அற்றுப்போய், பிறகு வேறொரு நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட பூச்சி. அந்த அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதனால் வழக்கமான மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டீச்சர், ஒரு பட்டாம்பூச்சியைப் பார்க்கவா இந்த வயதில் குன்று ஏறினீர்கள்? அப்படி என்ன அழகு அதில்?
*– வாசகி, கோவில்பட்டி*

அழகைத் தேடிப் போகவில்லை அம்மா. அழகுக்கு நம் ஊர் எருக்கஞ்செடியில் உட்காரும் வரியனே போதும். பெருநீலனின் மேல் சிறகு நல்ல நீலம்; முன் சிறகில் மட்டும் மை தொட்டு வைத்தது போலச் சில கறுப்புப் பொட்டுகள். சிறகை மூடிவிட்டால் சாம்பல் நிறம். அவ்வளவுதான்.

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்தப் பூச்சியின் கதையை ஒரு பழைய அறிவியல் இதழில் படித்த நாளிலிருந்து, அது வாழும் மண்ணை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. மகள் பிரிஸ்டலில் வேலைக்குப் போன பிறகு, ஒரு ஜூன் மாதம் அது நடந்தது. ஸ்ட்ரீட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், தெற்கு பார்த்த செங்குத்தான சரிவு. மகள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். புல் அவ்வளவு குட்டை: மொட்டையடித்து ஒரு வாரம் ஆன தலை மாதிரி. அதற்குள் ஊதா நிறத்தில் தரையோடு தரையாகப் பூத்துக் கிடந்தது காட்டு தைம். ஒரு கிள்ளு கசக்கி மோந்து பார்க்க மனம் துடித்தது. அங்கே எதையும் கிள்ளக்கூடாது என்பதால் குனிந்து மோந்தேன். ஓம வாசனை! ஓமத்தில் இருக்கும் 'தைமால்' என்ற வாசனைப் பொருள்தான் அதிலும் இருக்கிறது. செடியோ நம் துளசியின் குடும்பம். ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போய் அடுக்களை வாசனையில் நின்றேன்.

அந்தப் புழுவை எறும்பு வளர்க்கும் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எப்படி என்று விவரமாகச் சொல்லுங்கள்.
*– கல்லூரி மாணவர், திண்டுக்கல்*

நீங்கள் கேட்காவிட்டாலும் நானே எழுதியிருப்பேன்.

தாய்ப்பூச்சி ஜூன், ஜூலையில் தைம் பூவின் மொட்டுக்குள் ஒவ்வொரு முட்டையாகச் செருகி வைக்கும். பொரிந்த புழு இரண்டு மூன்று வாரம் அந்தப் பூவையும் விதையையும் தின்னும். கடைசித் தடவை தோலுரித்ததும், சாயங்கால நேரமாகப் பார்த்து, பொத்தென்று தரையில் விழும். அப்போது அதன் நீளம் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர். இனி அது இலையைத் தொடாது. நகர்ந்து எங்கும் தேடிப் போகவும் செய்யாது. காத்திருக்கும்.

இரை தேடி வரும் செவ்வெறும்பு ஒன்று அதன்மேல் இடறும். புழுவின் முதுகிலுள்ள சுரப்பி ஒரு துளி இனிப்பு நீர் விடும். எறும்பு அதைக் குடித்துக்கொண்டே நிற்கும். கொஞ்ச நேரம் போனதும், புழு தன் முன்னுடம்பை உப்பவைத்து நிமிர்ந்து, எறும்பின் குட்டிப்புழு மாதிரி வடிவம் எடுக்கும். மேனி வாசனையும் அதே வாசனை. 'ஐயோ, நம் வீட்டுப் பிள்ளை வெளியே கிடக்கிறதே' என்று எறும்பு அதைக் கவ்விப் புற்றுக்குள் தூக்கிக்கொண்டு போய், தன் குஞ்சுகளுக்கு நடுவே கிடத்தும்.

காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது நமக்குத் தெரியும். குயில் குஞ்சு காக்கை ஊட்டியதைத் தின்னும்; இந்தப் புழுவோ கூடவே கிடக்கும் எறும்புக் குஞ்சுகளையே தின்னும். ஆகஸ்டில் நுழைந்தால் அடுத்த மே வரை, ஏறத்தாழ பத்து மாதம், இருட்டில் அதுதான் வாழ்க்கை. முழு வளர்ச்சியின் எடையில் நூற்றுக்கு 98 பங்கு எறும்புப் புற்றுக்குள்தான் ஏறுகிறது. பிறகு அங்கேயே கூட்டுப்புழுவாகி, ஒரு காலை வேளையில் சிறகு விரியாத பட்டாம்பூச்சியாக எறும்புகளின் சுரங்கப் பாதை வழியாகவே ஊர்ந்து வெளியே வந்து, ஒரு புல்லில் ஏறித் தொங்கிச் சிறகை உலர்த்தும். அதற்குப் பிறகு உயிர் வாழ்வது சில நாள்தான்.

இந்தக் கதையைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடும் சொல்லத் தகுந்தது. பூவில் வளரும் புழு மூன்றாவது தோலுரிப்புக்குப் பின் எங்கே மறைகிறது என்று இங்கிலாந்துப் பூச்சியியலாளர்கள் பல வருஷம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1915-ல் சாப்மன் என்பவர் ஒரு தைம் செடியைத் தோண்டியபோது, எறும்புப் புற்றுக்குள் கொழுத்த புழு கிடைத்தது. பிறகு ஃப்ரோஹாக் என்ற ஓவியரும் ப்யூர்ஃபாய் என்ற ராணுவ கேப்டனும் சேர்ந்து, வால்நட் ஓட்டுக்குள் எறும்புகளையும் புழுவையும் வைத்து வளர்த்து மிச்சக் கதையைப் பார்த்தார்கள். கொட்டாங்கச்சியில் குழந்தைகள் சோறாக்கி விளையாடுவது மாதிரி ஓர் ஏற்பாடு. எவ்வளவு பெரிய ரகசியம் அதில் வெளிப்பட்டிருக்கிறது!

யாரும் காட்டை அழிக்கவில்லை, மருந்து அடிக்கவில்லை என்கிறீர்கள். பின் எப்படி அழிந்தது?
*– வாசகர், மன்னார்குடி*

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

பூச்சி குறைந்துகொண்டே வந்தபோது, வலையோடு வந்து பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் வைக்கும் சேகரிப்பாளர்கள்தான் காரணம் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்தப் பழியில் கொஞ்சம் நியாயம் உண்டு. அரிய பூச்சி என்றால் விலையும் உண்டு. ஆகவே அது இருந்த நிலங்களைப் பாதுகாத்தார்கள். ஓர் இடத்தில் சுற்றிலும் வேலியே போட்டார்கள். சேகரிப்பாளர்கள் வரவில்லை. மாடும் ஆடும்கூட உள்ளே வரவில்லை. புல் வளர்ந்தது. சில வருஷத்தில் அந்த வேலிக்குள் ஒரு பூச்சிகூட இல்லை.

அன்பாகத்தான் செய்தார்கள். அந்த வேலியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது.

1972-ல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர், மிச்சமிருந்த பூச்சிகளைத் தேடி, தென்மேற்கு இங்கிலாந்தின் டார்ட்மூர் பக்கம் போனார். கோடை கோடையாக அந்தச் சரிவிலேயே தங்கினார். எத்தனை முட்டை, எந்த மொட்டில், அதில் எத்தனை பொரிந்தது, விழுந்த புழுவை எந்த எறும்பு தூக்கியது என்று ஒவ்வொன்றாக எண்ணினார். அதுவரை 'செவ்வெறும்பு' என்று ஒரே பெயரில் தள்ளிவைத்திருந்ததில் பல இனங்கள் உண்டு என்பதும், எந்த இனம் கண்டாலும் புழுவைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதும், ஆனால் மிர்மிக்கா சபுலேட்டி என்ற ஒன்றின் புற்றில்தான் புழு நன்றாகப் பிழைக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மற்ற இனங்களின் புற்றில் பெரும்பாலும் வேஷம் கலைந்து செத்துப்போகும்.

அந்தச் சபுலேட்டி சூடு விரும்பும் எறும்பு. இங்கிலாந்தின் குளிரில் அதற்கு வெயில் நேரே மண்ணில் விழ வேண்டும். சரிவு தெற்கு பார்க்க வேண்டும், புல் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விரல் நுனியிலிருந்து முதல் கணுவரைகூட இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். புல் அதைத் தாண்டி வளர்ந்தால் தரையில் நிழல் விழும். மண்ணின் சூடு இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சபுலேட்டி போய், குளிர் தாங்கும் வேறொரு செவ்வெறும்பு இனம் அந்த இடத்தைப் பிடிக்கும். மேலே நின்று பார்க்கும் நமக்கு ஒன்றும் மாறியிருக்காது. அதே குன்று, அதே தைம் பூ, செவ்வெறும்பும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் பட்டாம்பூச்சி செத்துக்கொண்டிருக்கும்.

புல்லை அப்படிக் குட்டையாக வைத்திருந்தது யார்? ஆடு, மாடு, முயல். செங்குத்துச் சரிவில் மேய்ப்பது லாபமில்லை என்று குடியானவர்கள் மேய்ச்சலை விட்டுக்கொண்டே வந்தார்கள். மிச்ச வேலையைச் செய்துவந்த முயல்களை 1953-ல் வந்த மிக்சோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் வாரிக்கொண்டு போனது. முயலுக்கு வந்த நோயில் பட்டாம்பூச்சி செத்தது. நடுவில் புல்லும் எறும்பும்.

தாமஸ் இதைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. எஞ்சியிருந்த சிறு கூட்டத்தை 1975, 1976 வறட்சி இன்னும் ஒடுக்கியது. 1979-ல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். ஏன் சாகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, கண் முன்னாலேயே அது போவதைப் பார்த்த மனிதரை நினைத்துப் பாருங்கள்.

டீச்சர், நான் உங்களிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். 'ஆடு கடித்த செடி தழைக்காது, மேய்ச்சலால் காடு அழியும்' என்று போர்டில் எழுதிப் போட்டீர்கள். எங்கள் அப்பா கீதாரி. அன்றைக்கு வகுப்பில் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது மேய்ந்தால்தான் பூச்சி பிழைக்கும் என்கிறீர்களே?
*– பழைய மாணவர், சிவகங்கை மாவட்டம்*

தம்பி, உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அந்தப் பாடத்தை நான் பாதிதான் சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தில் இருந்தது அந்தப் பாதி. உன் வீட்டில் இருந்தது மறு பாதி. உன்னை எழுப்பிக் கேட்டிருந்தால் வகுப்பு முழுக்கத் தெரிந்துகொண்டிருக்கும். கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

மேய்ச்சல் கெடுதலும் இல்லை, நல்லதும் இல்லை. எப்போது, எத்தனை உருப்படி, எந்த இடத்தில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இது உன் அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு. எந்த வயலில் எத்தனை ராத்திரி கிடை போடலாம், எப்போது கிளப்ப வேண்டும் என்று அவர் பார்த்த அதே கணக்கைத்தான் அந்தக் குன்றுகளில் இப்போது பார்க்கிறார்கள். இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் மாடுகளையும் மட்டக் குதிரைகளையும் விட்டு நன்றாக மேய விடுகிறார்கள். தைம் பூக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் வெளியே ஓட்டிவிடுகிறார்கள். பூவோடு முட்டையும் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடக் கூடாதல்லவா? குளம்பு பட்டு மண் கீறுவதும் தைம் விதை முளைக்க வசதி. புதர் மண்டினால் வெட்டுகிறார்கள்.

அப்பா இருந்தால் இதைப் படித்துக் காட்டு. என் வணக்கத்தையும் சொல்.

திரும்பக் கொண்டுவந்தது எந்த நாட்டிலிருந்து? வேற்றூர்ப் பூச்சி அங்கே ஒட்டியதா?
*– வாசகர், ஈரோடு*

சுவீடனின் எலாந்து தீவிலிருந்து. முதலில் பூச்சியைக் கொண்டுவரவில்லை; புல்லையும் எறும்பையும் சரிசெய்தார்கள். சபுலேட்டி புற்றுகள் திரும்ப நிறைந்த பிறகுதான், 1983-ல், தாமஸும் அவருடைய கூட்டாளி டேவிட் சிம்காக்ஸும் எலாந்திலிருந்து புழுக்களை ஒரு வேனில் வைத்துக் கொண்டுவந்தார்கள். விட்ட இடத்தின் பெயரைக்கூட வெளியே சொல்லவில்லை. 'சைட் எக்ஸ்' என்றே அழைத்தார்கள். காலர்ட் ஹில்லுக்கு 2000-ல் வந்தது. பிறகு அந்தக் குன்றைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அதனால்தான் என்னால் போக முடிந்தது.

குளோஸ்டர்ஷயரில் ராட்பரோ காமன் என்ற பொது மேய்ச்சல் நிலத்தில் 2019-ல் ஏறக்குறைய 1,100 புழுக்களை விட்டார்கள். அடுத்த கோடையில் சுமார் 750 பட்டாம்பூச்சிகள் பறந்தன. அந்த இடம் அதைப் பார்த்து 150 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022-ல் தென்மேற்கு இங்கிலாந்து முழுவதும் சேர்த்துச் சுமார் 20,000. ஒட்டியதா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்காகக் கவலை தீர்ந்துவிடவில்லை. 2010-ல் வந்த ஐரோப்பியச் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். கோடை வெப்பம் கூடக் கூடத் தைம் சீக்கிரம் கருகுகிறது. வெக்கை கூடினால் எறும்புக்குச் சற்று உயரமான புல்லும் ஒத்துக்கொள்ளும். ஆகவே, எல்லா இடத்தையும் ஒரே மாதிரி மொட்டையடிக்காமல், வேறு வேறு திசை பார்த்த சரிவுகளையும் வேறு வேறு உயரத்துப் புல்லையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தூக்கி வளர்த்த எறும்பின் பிள்ளைகளையே தின்னும் துரோகியை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? எறும்பு பாவம் இல்லையா?
*– இல்லத்தரசி, விருதுநகர்*

வாசலில் எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போடும் வீட்டிலிருந்து வரும் கேள்வி. எனக்கும் முதலில் படித்தபோது எறும்பு பக்கம்தான் மனசு போனது.

ஆனால் புழு செழித்தால் எறும்பினம் அழியும் என்று பயப்பட வேண்டாம். ஒரே புற்றுக்குள் நாலைந்து புழு போய்விட்டால், எறும்புக் குஞ்சுகள் தீர்ந்து, புழுக்கள்தான் பட்டினியில் சாகின்றன. நூற்றுக்கணக்கான வேலைக்கார எறும்புகள் உள்ள பெரிய புற்று இருந்தால்தான் ஒரு புழுவாவது கரையேறும். எறும்பு நன்றாக வாழாத இடத்தில் அதைத் தின்பவனும் வாழ முடியாது. அந்த எறும்பு இரை தேடிப் போகிற தூரமும் இரண்டு மீட்டர்தான். அதற்குள் தைம் செடி வேண்டும். பெருநீலனுக்காக நிலத்தைத் திருத்தியவர்கள் முதலில் அந்த எறும்பைத்தான் பல மடங்கு பெருக்கினார்கள். அதே குட்டைப் புல்லில் ஆர்க்கிட் பூக்களும் அரிய வண்டுகளும் தேனீக்களும் சேர்ந்து வந்தன.

இன்னொரு செய்தி. பெருநீலனின் நெருங்கிய உறவான இன்னொரு ஐரோப்பிய நீலத்தில், புழுவும் கூட்டுப்புழுவும் ராணி எறும்பு எழுப்பும் ஓசையைப் போலவே ஓசை எழுப்புவதை 2009-ல் பதிவு செய்தார்கள். பணிவிடை ராணிக்குரிய அளவில் நடக்கிறதாம். துரோகம் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

அங்கேயும் திருட்டு உண்டா?
*– வாசகர், திருச்சி*

உண்டு. காலர்ட் ஹில்லிலும் டேன்வே பேங்க்ஸ் என்ற இடத்திலும் பெருநீலனைப் பிடித்துக் கொன்ற ஒருவருக்கு 2017-ல் ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள். பட்டாம்பூச்சியைக் கொன்றதற்காக அந்நாட்டில் ஒருவர் தண்டிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

நம் பக்கம் இப்படி எறும்போடு வாழும் பட்டாம்பூச்சி இருக்கிறதா? பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட ஆசை.
*– ஆசிரியை, தூத்துக்குடி மாவட்டம்*

நிறைய இருக்கின்றன. நீலன்கள் குடும்பத்தில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் எறும்போடு ஒப்பந்தம் உள்ளவைதான். பெரும்பாலும் புழு இனிப்பு நீர் கொடுக்கும், எறும்பு காவல் நிற்கும். மாமரத்து முசுறுக் கூட்டுக்குள் புகுந்து அதன் குஞ்சுகளைத் தின்று வளரும் 'மாத் பட்டர்ஃப்ளை' என்ற பெரிய நீலன்கூட இந்தியாவில் உண்டு.

பிள்ளைகளுக்குக் காட்ட எளிதானது 'கிராஸ் ஜுவல்'. நம் நாட்டின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. சிறகை மூடினால் சுண்டுவிரல் நகம் அளவுதான். தரையோடு படரும் செடிகளில், முழங்காலுக்குக் கீழே பறக்கும். வல்லநாட்டுப் பக்கம் வெளிமான் சரணாலயத்தை ஒட்டிய வெட்டவெளி மாதிரி இடங்களில் உட்கார்ந்து தேடுங்கள். நின்று தேடினால் தெரியாது.

ஒரு வேண்டுகோள். அந்த மாதிரி வெட்டவெளியை 'சும்மா கிடக்கிற தரிசு' என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். மரக்கன்று நடும் விழாவுக்கு முதலில் தேர்ந்தெடுப்பது அதைத்தான். நீலகிரியின் புல்வெளிகளில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து வாட்டிலும் யூகலிப்டஸும் நட்டு, எவ்வளவு புல்வெளியை இழந்தோம்! மரம் நடுகிறவர்களின் மனசு நல்ல மனசுதான். அந்த வேலி போட்டவர்களின் மனசும் அப்படித்தான் இருந்தது. நடுவதற்கு முன்னால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அங்கே உட்கார்ந்து யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எறும்பையும் எழுதச் சொல்லுங்கள்.

அது உங்க கையில உக்காந்துச்சா டீச்சர்?
*– நான்காம் வகுப்பு, அம்பாசமுத்திரம்*

இல்லடா கண்ணு. கிட்டப் போகாமல் பாதையிலேயே நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ரெண்டு மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. மேகம் மூடிக் குளிரடித்தது. போகலாம் என்று மகள் கூப்பிட்டாள். அப்போது வெயில் வந்தது. பாதைக்கு ரெண்டு முழம் தள்ளி ஒரு பெண் பூச்சி தைம் மேல் இறங்கியது. ஒரு மொட்டைக் காலால் தொட்டுப் பார்த்தது. பிடிக்கவில்லை, அடுத்ததுக்குப் போனது. அதுவும் பிடிக்கவில்லை. நாலாவது மொட்டில் வயிற்றை வளைத்து உள்ளே செருகி, அசையாமல் நின்றது. நான் மனசுக்குள் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு வரை. பிறகு பறந்துவிட்டது. அந்த மொட்டுக்குக் கீழே, புல்லுக்குள், ஒரு செவ்வெறும்பு போய்க்கொண்டிருந்தது.